முப்பத்து மூன்று வயதில் முதுமை

முதியோர் மருத்துவத்தில் ஒரு சின்னக் கருவி உண்டு. கைக்கு அடக்கமான பிடி. முடிந்த மட்டும் இறுக்கினால் முள் கிலோ கணக்கில் நகரும். எழுபது வயதுக்காரரின் உடம்பில் இன்னும் எவ்வளவு தெம்பு மிச்சம் என்பதற்கு அது ஓர் அடையாளம். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரிலுள்ள செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையில், கிர்ஸ்டன் நெஸ்ஸின் ஆய்வுக் குழு இந்தச் சோதனையைச் சராசரியாக முப்பதுகளில் இருப்பவர்களுக்கு வைத்தது. எல்லோரும் சிறுவயதில் புற்றுநோய் வந்து அங்கே குணமானவர்கள்.

நெஸ் அடிப்படையில் பிசியோதெரபிஸ்ட். அதனால்தானோ என்னவோ, நோய் திரும்பியதா இல்லையா என்பதோடு அவர் கேள்வி நிற்கவில்லை. ஆள் என்ன வேகத்தில் நடக்கிறார்? வேலை முடிந்ததும் "முடியலை" என்று சாய்ந்துவிடுகிறாரா? தசைக் குறைவு, பிடி வலுவின்மை, மெதுவான நடை, தீராத அசதி, குறைந்த உடலுழைப்பு. முதியோரை அளக்கும் இந்த ஐந்தில் மூன்று இருந்தாலே 'தளர்ச்சி' என்று கணக்கு. 2013-ல் வந்த முடிவு கொஞ்சம் உலுக்கியது. ஆராய்ந்தது 1,922 பேரை. சராசரி வயது 33.6. பெண்களில் 13.1 சதவீதமும் ஆண்களில் 2.7 சதவீதமும் தளர்ந்திருந்தார்கள். 65 வயதைத் தாண்டியவர்களிடம் எதிர்பார்க்கும் அளவு இது.

ஏன் இப்படி? கீமோ மருந்துகளில் பல, வேகமாகப் பிரிந்து பெருகும் செல்லைத் தேடி அடிப்பவை. வளரும் பிள்ளையின் உடம்பில் நல்ல செல்லும்தான் ஓயாமல் பெருகிக்கொண்டிருக்கிறது. அதிகம் பெருகாத நரம்பும் இதயமும்கூடத் தப்புவதில்லை. நம் வீட்டு வாசலில் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டினையே பாருங்கள். குழந்தைகளுக்கு வரும் பெரும்பாலான ரத்தப் புற்றுநோய்க்கு அது இல்லாமல் வைத்தியமே இல்லை என்னும் அளவுக்கு முக்கியமானது. ஆனால் நரம்பைத் தொடும்: சட்டைப் பொத்தானைப் போட விரல் தடுமாறும், நடக்கையில் பாதம் தொங்கும். இன்னொரு கீமோ மருந்தான டாக்ஸோரூபிசின் இதயத் தசையில் கை வைக்கும். அந்தப் பாதிப்பு இருபது வருடம் கழித்துக்கூடத் தலைகாட்டலாம்.

மருத்துவர்களைக் குறை சொல்வது சுலபம், நான் சொல்லமாட்டேன். 1962-ல் செயின்ட் ஜூட் திறந்தபோது, குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோயில் நூற்றுக்கு நான்கு பேர்தான் பிழைத்தார்கள். மருந்துகள் மூளைக்குள் சரியாகப் போய்ச் சேராது. புற்றுசெல்கள் அங்கே பதுங்கிக்கொண்டு பிறகு திரும்பும். மருத்துவமனையின் முதல் இயக்குநர் டொனால்ட் பிங்கெல் தலைக்கும் கதிர்வீச்சு கொடுத்தார். நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்கிறார்களே, அதுதான். அறுபதுகளின் கடைசியில் பாதிப் பிள்ளைகள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் பலர் உயரம் குறைந்தார்கள், படிப்பில் பின்தங்கினார்கள். சாவா, இந்தக் குறைகளா என்று கேட்டால் எந்தப் பெற்றோர் என்ன சொல்வார்கள்?

வளர்ந்து நின்ற அந்தப் பிள்ளைகளின் உடம்பே அடுத்த தலைமுறைக்குப் பாடமானது. கதிர்வீச்சின் அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 2000 முதல் 2007 வரை அதே மருத்துவமனையில் இதே ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 498 பேருக்குத் தலைக் கதிர்வீச்சே இல்லை. மூளையைக் காக்கும் மருந்தை முதுகுத்தண்டு வழியாக ஏற்றினார்கள். ஐந்து ஆண்டு கழித்து 93.5 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்.

சிகிச்சையை முன்பே முடித்தவர்களுக்கு என்ன வழி? உடற்பயிற்சி பலன் தருகிறது. மூப்படைந்தும் சாகாமல் உடம்பில் தங்கும் செல்களை அகற்றும் மருந்துகளையும் செயின்ட் ஜூட்டில் சோதிக்கத் தொடங்கினார்கள். எனக்கென்னவோ இவற்றைவிட அவசரமானது ஒரு காகிதம் என்று படுகிறது. எந்த மருந்து, மொத்தம் எத்தனை மில்லிகிராம், எந்த இடத்தில் கதிர்வீச்சு என்று எழுதிய ஒரு பக்கம். பிழைத்து வளர்ந்த 635 பேரிடம் அமெரிக்காவில் கேட்டுப் பார்த்து 2002-ல் வெளியிட்டார்கள். தனக்கு வந்த நோயைத் துல்லியமாகச் சொன்னவர்கள் 72 சதவீதம். அந்தச் சிகிச்சையால் பின்னாளில் பெரிய தொந்தரவு வரலாம் என்று அறிந்தவர்கள் 35 சதவீதம். மூன்று வயதில் நடந்தது எப்படி நினைவிருக்கும்? அப்பா அம்மா அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். ஃபைல் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கும்.