தாதியர் காலணி: வசதி மட்டும் போதுமா?

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானை சறுக்கினால் அடி அதற்கு மட்டும்தான். நோயாளியைக் கைத்தாங்கலாகக் கழிவறைக்கு அழைத்துச் செல்லும் தாதி சறுக்கினால் இருவர் விழுவர். அந்த நோயாளி எண்பது வயதைக் கடந்தவராக இருந்தால், அது இடுப்பெலும்பு முறிவில் போய் முடியலாம். ஆகவே, தாதி அணியும் காலணி அவருடைய சொந்த விருப்பத்தோடு முடிந்துவிடும் விஷயமன்று.

பாசிர் ரிஸ் வட்டாரத்தில் வசித்து, சீமெயில் உள்ள சாங்கி பொது மருத்துவமனையில் பணிபுரியும் ஒரு தாதியின் பயணத்தை எண்ணிப் பார்க்கலாம். காலைப் பணிக்காக அவர் விடிவதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார். மழை பெய்திருந்தால் புளோக்கின் கீழ்த்தளம் ஈரமாக இருக்கும். எம்ஆர்டி நிலையத்தில் மின்படி ஏற வேண்டும். தெம்பனிசைத் தாண்டி சீமெயில் இறங்கி நடக்க வேண்டும். வார்டுக்குள் நுழைந்துவிட்டால், துடைத்து ஈரம் காயாத தரை, படுக்கைச் சக்கரங்கள், மருந்து நீர் ஏற்றும் கம்பத்தின் கால்கள், தரையில் கிடக்கும் மின்கம்பி. இத்தனையையும் சமாளிக்க வேண்டியது பெரும்பாலும் ஒரே சோடிக் காலணிதான்.

வழுக்குவது வேறு, தடுக்குவது வேறு

பலர் இவ்விரண்டையும் ஒன்றாகவே நினைக்கின்றனர். குதிகால் தரையில் படும்போது அடிப்பாகத்திற்கும் தரைக்கும் இடையே பிடிப்பு இல்லாவிட்டால் கால் வழுக்கும். அப்போது உடல் பெரும்பாலும் பின்பக்கம் சாயும். தடுக்குவது, கால் காற்றில் முன்னோக்கிச் செல்லும்போது நடப்பது. நடக்கும்போது கால்விரலுக்கும் தரைக்கும் இடையே மிகக் குறைந்த இடைவெளி ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் மட்டுமே. அதனால்தான் ஒரு மெல்லிய கம்பியும், சற்றே தூக்கிய தரைவிரிப்பின் ஓரமும் ஆளைக் கவிழ்த்துவிடுகின்றன.

பல மணி நேரம் நின்று களைத்தவர் காலை நன்றாகத் தூக்கி வைப்பதில்லை. தேய்த்துத் தேய்த்து நடக்கிறார். பணிநேரத்தின் கடைசிப் பகுதியில் காலணி தளர்ந்திருந்தாலோ, கயிறு அவிழ்ந்திருந்தாலோ, அடிப்பாகத்தின் முன்முனை பிய்ந்திருந்தாலோ ஆபத்து கூடுகிறது.

மெத்தென்று இருந்தால் நல்லதா?

கால்வலி தாங்காமல் மிக மிருதுவான, தடித்த அடிப்பாகம் உள்ள காலணியைத் தேடுவோர் உண்டு. ஓரளவு மிருது பாதத்திற்கு இதம்தான். ஆனால், அளவுக்கு மிஞ்சினால் தரையின் ஏற்ற இறக்கத்தைப் பாதம் உணர்வது குறைகிறது. சட்டென்று திரும்பும்போது கணுக்கால் பிரளவும் கூடும். பின்வார் இல்லாத செருப்பு வகைகளில் இன்னொரு தொல்லை. அது கழன்றுவிடாமல் இருக்க, கால்விரல்கள் ஒவ்வோர் அடியிலும் அதைப் பற்றிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மேற்புறத்தில் துளைகள் இருந்தால், கைதவறி விழும் ஊசிக்கும் சிந்தும் இரத்தத்திற்கும் அவை வழிவிடும்.

மென்மையான ரப்பர் காலணிகள் மின்படியில் சிக்கும் அபாயமும் சிங்கப்பூரர்கள் அறிந்ததே. அத்தகைய காலணி அணிந்திருந்த இரண்டு வயதுச் சிறுமி 2006ஆம் ஆண்டு இங்கு மின்படி விபத்தில் கால் பெருவிரலை இழந்ததாக உள்ளூர் ஊடகங்கள் தெரிவித்தன. வேலைக்குப் போகும் வழியில் மின்படி ஏறும் பெரியவர்களும் ஓரத்தில் உரசாமல், மஞ்சள் கோட்டுக்குள் நிற்பதே பாதுகாப்பு.

நல்ல காலணியால் பயன் உண்டா?

உண்டு என்கிறது இங்கிலாந்தின் தேசியச் சுகாதாரச் சேவை ஊழியர்களிடையே நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வு. 4,500க்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றனர். ஒரு சாராருக்கு வழுக்காத காலணி இலவசமாகக் கொடுக்கப்பட்டது. மற்றவர்கள் வழக்கமான காலணியையே அணிந்தனர். 14 வாரங்களில், புதிய காலணி பெற்றவர்களிடம் வழுக்கும் சம்பவங்கள் ஏறத்தாழ 37 விழுக்காடு குறைவாக இருந்தன. முடிவுகள் 2021ல் வெளியாயின.

ஆனால், இது வழுக்குவதற்கான மருந்து, தடுக்குவதற்கு அன்று. பிடிப்பு மிக அதிகமான அடிப்பாகம் உலர்ந்த தரையில் ஒட்டிக்கொண்டு நடையை இடறச் செய்வதும் உண்டு. மின்கம்பியைச் சுவரோரம் ஒதுக்குவதும், சிந்திய நீரை உடனே துடைப்பதும் காலணியால் ஆகிற காரியமல்ல.

இங்குதான் நிர்வாகத்தின் பொறுப்பு வருகிறது. 2006ல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2008ல் சுகாதாரப் பராமரிப்புத் துறைக்கும், 2011ல் எல்லா வேலையிடங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. நியாயமாக இயன்ற பாதுகாப்பு நடவடிக்கைகளை முதலாளி எடுக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். தாதி விழுந்தால் “உன் சப்பாத்து சரியில்லை” என்று சொல்வதோடு விசாரணை முடிந்துவிடக்கூடாது. தரை எப்படி இருந்தது, விளக்கு போதுமானதாக இருந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

காலணியை மாலையில் வாங்குவது நல்லது. நாள் முழுவதும் நின்ற பாதம் சற்று வீங்கியிருக்கும். காலையில் பொருந்தியது மாலையில் கடிக்கும். இரண்டு பாதங்களும் ஒரே அளவில் இருப்பது அரிது. எனவே பெரிய பாதத்திற்கு அளவு பார்க்க வேண்டும். வேலைக்கு அணியும் அதே காலுறையோடு நின்று, மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். முன்பக்கம் மூடியதாகவும், குதிகால் தாழ்ந்து அகன்றதாகவும், பின்புறம் பிடிப்பாகவும் இருக்க வேண்டும். அடிப்பாகத்தில் நீர் வழிந்தோடும் பள்ளங்கள் தேவை. வசதியுள்ளவர்கள் இரண்டு சோடி வைத்து மாற்றி மாற்றி அணிந்தால், ஒன்று காய நேரம் கிடைக்கும்.

எப்போது தூக்கிப் போடுவது? அதற்கும் எளிய வழி ஒன்றை ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். அடிப்பாகத்தில் பள்ளம் மறைந்து வழவழப்பாகிவிட்ட இடம், சிறிய ஏஏ மின்கலத்தின் அடிப்பாகத்தைவிடப் பெரிதாகிவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. மேல்புறம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரிதான்.

நம் வீடுகளில் காலணியை வாசலிலேயே கழற்றிவிடுவது வழக்கம். கழற்றும்போது வாரம் ஒருமுறை அதைத் திருப்பிப் பார்க்க அரை நிமிடம் போதும். தாதிக்கு மட்டுமன்றி, அவர் தோளைப் பிடித்து நடக்கும் நோயாளிக்கும் அந்த அரை நிமிடம் காப்பாகும்.