சிகிச்சைத் தாதியாவதா? – ஐக்கிய அமெரிக்கத் தாதியர் முன்னுள்ள ஒரு வினா

ஐக்கிய அமெரிக்காவில் வைத்தியசாலை விடுதியொன்றிற் சில ஆண்டுகள் பணியாற்றிய பட்டதாரித் தாதி ஒருவர், ஏதோவொரு கட்டத்தில் எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு. தாதியாகவே நீடிப்பதா, அன்றி மேலும் இரண்டு மூன்று ஆண்டுகள் கற்று 'நர்ஸ் பிராக்டிஷனர்' ஆவதா என்பதே அது. சம்பளம், கல்விக் கடன், இரவு வேலை, குடும்பப் பொறுப்பு என்ற அளவிலேயே இவ்வினா பெரும்பாலும் பேசப்படுகின்றது. முடிவை எடுப்பவர் தனிமனிதர் என்பது உண்மையே. ஆனால் அம்முடிவின் நிபந்தனைகள் அவரால் வகுக்கப்பட்டவை அல்ல. மாநிலச் சட்டங்களும், காப்புறுதிக் கட்டண முறையும், மருத்துவத் தொழிலின் அதிகார அமைப்புமே அவற்றை வகுத்துள்ளன. இவற்றை விளங்கிக்கொள்ளாது சம்பளப் பட்டியலை மட்டும் நோக்கி முடிவெடுத்தல் பாதி வினாவுக்கே விடை காண்பதாகும்.

நோயாளியைப் பரிசோதித்து, நோயை நிர்ணயித்து, மருந்து எழுதும் அதிகாரமும் பெற்ற தாதியே நர்ஸ் பிராக்டிஷனர் எனப்படுவர். இதனைச் சிலர் 'செவிலியர் பயிற்சியாளர்' என மொழிபெயர்ப்பர். பயிற்சி அளிப்பவர் என்ற பிழையான பொருளை அது தருவதால், 'சிகிச்சைத் தாதி' என்ற சொல்லையே இங்கு கையாள்கின்றேன். இலங்கை வாசகருக்கு இங்கு 'அப்போதிக்கரி'மாரின் நினைவு எழுதல் இயல்பு. கிராமப்புற மருந்தகங்களில் வைத்தியர் இல்லாத குறையை நெடுங்காலம் தீர்த்து வந்தவர்கள் அவர்கள். ஆயினும் அவர்கள் தாதிமைத் தொழிலிலிருந்து வந்தவர்களல்லர்; சுருக்கப்பட்ட மருத்துவக் கல்வி பெற்றவர்கள். சிகிச்சைத் தாதி குறுக்கப்பட்ட வைத்தியரா, விரிக்கப்பட்ட தாதியா? அமெரிக்க விவாதங்கள் யாவற்றின் அடியிலும் இக்கேள்வியே கிடக்கின்றது.

முதலாவது பயிற்சி 1965 ஆம் ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொறெற்றா போர்ட் என்ற தாதியாலும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியராலும் தொடங்கப்பட்டது. போர்ட் பொதுச் சுகாதாரத் தாதியாகக் கிராமப்புறங்களிற் பணியாற்றியவர். குழந்தையின் வளர்ச்சியைக் கணித்தல், தாய்மாருக்கு ஆலோசனை வழங்கல், சாதாரண நோய்களைக் கவனித்தல் ஆகியவற்றைத் தாதி தன் பொறுப்பிலேயே செய்யலாம் என்பது அவரது நோக்கு. வைத்தியருக்குப் பதிலாள் தேடுவது அவரது குறிக்கோளன்று. தமது 104 ஆவது வயதில், 2025 இல் அவர் காலமானார். ஆனால் அவர் தொடங்கிய முயற்சியை வரலாறு வேறொரு தேவைக்கு இழுத்துச் சென்றது. அதே 1965 இல் முதியோருக்கான மெடிக்கெயர், வறியோருக்கான மெடிக்கெயிட் ஆகிய திட்டங்கள் சட்டமாயின. அதுவரை வைத்தியரை அணுக முடியாதிருந்த இலட்சக்கணக்கானோர் சிகிச்சை பெறும் உரிமை அடைந்தனர். சிகிச்சை அளிக்க வைத்தியர் போதவில்லை. அதே ஆண்டிலேயே டியூக் பல்கலைக்கழகத்தில் இயூஜீன் ஸ்ரெட் வைத்திய உதவியாளர் பயிற்சியைத் தொடங்கினார். அவருடைய முதல் மாணவர்கள் கடற்படையில் மருத்துவப் பணியாற்றித் திரும்பிய ஆண்கள். ஆண்களின் அத்தொழில் வைத்தியரின் கீழ் அமைந்ததாகவும், பெண்களின் இத்தொழில் தன்னுரிமை கோரியதாகவும் தோன்றியமையும், எதிர்ப்பு முழுவதும் பின்னதன் மேலேயே குவிந்தமையும் சிந்தனைக்குரியன.

அமெரிக்க எல்லைக்கு அப்பால், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள பேர்லிங்டனில் நடைபெற்ற ஆய்வொன்று இங்கு விரிவாக நோக்கத்தக்கது. இரு குடும்ப வைத்தியரின் சிகிச்சை நிலையத்தைச் சேர்ந்த 1,598 குடும்பங்கள் குலுக்கல் முறையிற் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதியினர் வைத்தியரிடமும் மற்றொரு பகுதியினர் சிகிச்சைத் தாதியரிடமும் ஓராண்டு காலம் விடப்பட்டனர். 1974 இல் வெளியான முடிவுகளின்படி, இரு பகுதியினரின் உடல்நிலையும் மனநிறைவும் ஒத்தே இருந்தன. தம்மிடம் வந்தோரில் நூற்றுக்கு 67 தடவை, வைத்தியரைக் கலந்தாலோசியாமலே தாதியர் சிகிச்சையை முடித்தனர். ஆனால் நிலையத்தின் வருமானமோ குறைந்தது. தாதி செய்த பணிக்குக் கட்டணம் கோர அன்றைய விதிகள் இடமளிக்கவில்லை. சமூகத்துக்கு இலாபமானது வைத்தியரின் கணக்கேட்டில் நட்டமாகப் பதிவாயிற்று. திறமை பற்றிய வினாவுக்கு விடை கிடைத்த பின்னரும் இத்தொழிலின் வளர்ச்சி தாமதித்ததேன் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் 1997 ஆம் ஆண்டுச் சட்டமே சிகிச்சைத் தாதியர் எல்லா இடங்களிலும் மெடிக்கெயரிடம் நேரடியாகக் கட்டணம் பெற வழிவகுத்தது. வைத்தியருக்குரிய தொகையில் நூற்றுக்கு 85 என அது விதித்தது. இதில் ஒரு நுட்பமுண்டு. சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அதே பணியை வைத்தியரின் பெயரிற் பதிந்தால் முழுத் தொகையும் கிடைக்கும். எனவே பல நிலையங்களில் தாதியின் உழைப்பு ஏட்டில் வைத்தியரின் உழைப்பாகவே காட்சியளிக்கின்றது. உழைப்பவர் ஒருவர், பெயர் பெறுபவர் வேறொருவர் என்ற பழைய கதை இங்கு கணக்கியல் வடிவம் பெறுகின்றது.

சட்டத்தைப் பொறுத்தவரை நாடு ஒரே நாடன்று. நோய்நிர்ணயமும் சிகிச்சையும் தாதிமையின் எல்லைக்குட்பட்டவை என 1971 இல் முதலில் ஏற்ற மாநிலம் ஐடகோ. இன்று பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் முழு அதிகாரம் வழங்குகின்றன. டெக்சாஸ் போன்றவற்றில் வைத்தியர் ஒருவரோடு எழுத்துமூல உடன்படிக்கை இன்றி மருந்து எழுத இயலாது. அவ்வுடன்படிக்கைக்காக வைத்தியருக்கு மாதந்தோறும் பணம் செலுத்தும் தாதியரும் உளர். ஆகவே 'ஆவதா' என்ற வினாவுக்கு முன்னர் 'எங்கே' என்ற வினா தீர்க்கப்படவேண்டும்.

திறமை பற்றிய சான்றுகள் ஒரு திசையை மட்டும் காட்டுவன அல்ல. நியூயோர்க்கில் 1,316 நோயாளரைக் குலுக்கல் முறையிற் பிரித்து நடத்தப்பட்டு 2000 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, ஆறு மாத முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. மாறாக, முன்னாட் படைவீரருக்கான அரச வைத்தியசாலைகளின் அவசரப் பிரிவுகளை ஆராய்ந்து 2022 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, சிகிச்சைத் தாதியரிடம் சென்றோர் நூற்றுக்கு 11 அளவு கூடிய நேரம் தங்கியதாகவும், தவிர்த்திருக்கக்கூடிய வைத்தியசாலை அனுமதிகள் நூற்றுக்கு 20 அளவு அதிகரித்ததாகவும் கூறிற்று. அதே ஆய்வு, வைத்தியர்களைவிடச் சிறப்பாகச் செயற்பட்ட தாதியர் பலர் இருந்தமையையும் காட்டிற்று. முற்போக்காளர் இரண்டாவது ஆய்வை மறைத்து முதலாவதை மட்டும் எடுத்தோதுதல் நேர்மையன்று. நாட்பட்ட நோயைத் தொடர்ந்து கவனித்தல் வேறு. முன்பின் அறியாத நோயாளியின் சிக்கலான நிலையைச் சில நிமிடங்களில் நிர்ணயித்தல் வேறு. முன்னையது தாதிமைக்கு நெருங்கியது. பின்னையதற்கு நீண்ட பயிற்சி வேண்டும்.

பயிற்சியின் நிலையோ கவலைக்குரியது. குறைந்தபட்ச நேரடிப் பயிற்சி நெடுங்காலம் 500 மணித்தியாலமாகவே இருந்தது. 2022 ஆம் ஆண்டுத் தராதரங்கள் அதனை 750 ஆக உயர்த்தின. குடும்ப வைத்தியரோ மருத்துவக் கல்லூரிக்குப் பின்னர் மூன்றாண்டுகள் வைத்தியசாலையிற் பயில்கின்றார். தொடக்ககால மாணவியர் விடுதி அனுபவம் மிக்கவர்களாதலால் குறுகிய பயிற்சி போதியதாயிற்று. இன்று அத்தகைய அனுபவம் இன்றியே சேரக்கூடிய கற்கைநெறிகள் பெருகிவிட்டன. கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு, நேரடிப் பயிற்சிக்கான இடத்தை மாணவரே தேடிக்கொள்ளுமாறு விடும் நிறுவனங்களும் உள்ளன. கல்வி சந்தைப் பொருளாகும்போது நேருவது இதுவே.

வருமானத்தைப் பார்ப்போம். 2023 மே மாத அரசாங்கக் கணக்கின்படி தாதியரின் இடைநிலை ஆண்டு வருமானம் 86,070 டொலர்; சிகிச்சைத் தாதியரின் வருமானம் 126,260 டொலர். வேறுபாடு பெரிதே. ஆயினும் தொழிற்சங்கம் வலுப்பெற்ற கலிபோர்னியாவில் சாதாரணத் தாதியரின் சராசரி வருமானமே அவ்வாண்டில் 1 இலட்சத்து 30 ஆயிரம் டொலரைக் கடந்திருந்தது. அங்கு வாழ்க்கைச் செலவு அதிகம், சிகிச்சைத் தாதியர் அதனினும் கூடப் பெறுகின்றனர் என்பவற்றையும் சொல்லியாக வேண்டும். எனினும் அம்மாநிலத்தின் அனுபவம் வேறொன்றையும் உணர்த்துகின்றது. ஒரு தாதியின் பொறுப்பில் இத்தனை நோயாளருக்கு மேல் இருத்தலாகாது என 1999 இல் அங்கு சட்டம் இயற்றப்பட்டது. பொது மருத்துவ விடுதிகளில் அவ்வெல்லை இப்போது ஐந்து. தாதியரின் கூட்டுப் போராட்டமே இதனைப் பெற்றுக் கொடுத்தது. விடுதி வேலையின் சோர்விலிருந்து தப்பும் வழியாக மட்டும் மேற்படிப்பை நாடுவோர், அச்சோர்வுக்கு இப்படியும் ஒரு மருந்து உண்டென்பதை அறிந்திருத்தல் நன்று. அன்றியும், சிகிச்சை நிலையத்தில் கால்மணித்தியாலத்துக்கு ஒரு நோயாளி என்ற வேகத்தில் பணியாற்றுவது ஓய்வான வாழ்வன்று.

இங்ஙனம் நோக்குமிடத்து, நோய்நிர்ணயத்தின் பொறுப்பையே விரும்பி, விடுதியிற் பல்லாண்டு பயின்ற கண்ணோடு, வைத்தியர் அரிதான இடத்தில், சட்டம் இடந்தரும் மாநிலத்திற் பணியாற்ற எண்ணும் தாதி, தயங்காது இப்பயிற்சியை மேற்கொள்ளலாம். போர்ட் எண்ணிய தாதி அவரே. பட்டம் பெற்று ஓராண்டும் கழியாதவர் அவசரப்பட வேண்டியதில்லை. சேருமுன்னர், பயிற்சியிடத்தை ஏற்பாடு செய்வது யார், கட்டணம் யார் பெயரிற் பதியப்படும், ஐயம் எழும்போது அழைக்கத்தக்கவர் அருகில் உளரா என்பவற்றைக் கேட்டறிதல் அவசியம். பயிற்சி முடித்த முதலாம் ஆண்டில் மூத்தோர் துணையுடன் பணியாற்றும் ஏற்பாடு சில நிலையங்களில் உண்டு. பெரும்பாலான இடங்களில் அது கட்டாயமன்று. அத்தகைய இடம் வாய்க்குமாயின், சம்பளம் குறைந்தாலும் அதனையே ஏற்கவேண்டும் என்பது எனது கருத்து.