ஒரே கணக்கு, ஒரே ஏடிஎம் அட்டை

2021 டிசம்பர் 18 வெள்ளம் வடிந்த பிறகு ஷா ஆலம் செக்‌ஷன் 25, தாமான் ஸ்ரீ மூடா வாசல்களில் மெத்தை, அலமாரியோடு மாவரைக்கும் கிரைண்டரும் தையல் இயந்திரமும் பசார் மாலாம் கூடாரத் துணியும் சேறு அப்பிக் கிடந்தன. அந்த ஆண்டின் இறுதியில் தொடங்கிய வெள்ளத்தில் நாடு இழந்தது 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை பிறகு கணக்குச் சொன்னது. அடுப்படியே தொழிற்கூடமாக இருந்த குடும்பங்களுக்கு வீடும் பிழைப்பும் ஒரே இரவில் போயின.

இப்படிப்பட்ட நேரத்தில் கடன் திட்டங்கள் அறிவிக்கப்படாமல் இல்லை. 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் பேங்க் நெகாரா சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான சிறப்பு நிவாரண நிதியை 500 கோடி ரிங்கிட்டாக உயர்த்தி, வட்டியை 3.5 விழுக்காட்டுக்குக் குறைத்தது. ஏப்ரல் 6ஆம் தேதி அறிவிப்பில் சிறுகடன் திட்டம் ஒன்றுக்கு இருந்த 2 விழுக்காட்டு வட்டியும் நீக்கப்பட்டது. அரசின் டெக்குன் நிறுவனம் வழியாக வரும் ஸ்பூமி, நம் இந்தியச் சமூகத்துக்கென்றே உள்ள கடன். அதற்கும் தொழில் பதிவோ உரிமமோ வேண்டும்.

சிக்கல் கடன் கொடுக்கும் முகப்பில்தான் தொடங்குகிறது. தொழில் பதிவுக்கான எஸ்எஸ்எம் சான்றிதழ் எங்கே, தொழில் பெயரில் நடப்புக் கணக்கு எங்கே, ஆறு மாதக் கணக்கறிக்கை எங்கே? தோசை மாவு விற்கும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கியூஆர் வழி அனுப்பும் ஐந்து ரிங்கிட்டும், கணவரின் சம்பளமும், அரசு உதவித்தொகையும் ஒரே சேமிப்புக் கணக்கில் விழுகின்றன. அதிலிருந்தே உளுந்துக்கும் போகிறது, பிள்ளையின் பள்ளிப் பேருந்துக்கும் போகிறது. அவர் நாள்தோறும் உழைத்துச் சம்பாதிப்பது அண்டை வீட்டாருக்கெல்லாம் தெரியும். கடன் அதிகாரியின் மேசையில் அது வருமானமாகத் தெரிவதில்லை. மக்கள் போட்டு வைத்த பணத்தை ஆதாரம் பார்க்காமல் கொடுக்க முடியாது என்று வங்கிகள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் ஆதாரம் ஒரே வடிவில்தான் வர வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? அவசரக் கடன் என்று பெயர் வைத்துவிட்டு, ஆறு மாதத்துக்கு முன்பே அவசரம் வரும் என்று அறிந்து கணக்குத் திறந்திருக்க வேண்டும் என்கிறோம்.

கை விரிக்கப்பட்டவர் அடுத்து எங்கே போவார்? கூட்டு என்னும் சீட்டுப் பிடித்துச் சமாளித்த தலைமுறை ஒன்று இருந்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. மிச்சம் இருப்பது விளக்குக் கம்பத்தில் ஒட்டிய தொலைபேசி எண்.

என் கவலையெல்லாம் அந்த எண்ணைப் பற்றித்தான். உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, அடமானம் இருந்தால் 12 விழுக்காடு வரைதான் வட்டி வாங்கலாம் என்று சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. வட்டி முதலையிடம் வாரத்துக்கு 10 விழுக்காடு என்று பேசி முடித்தால், ஆண்டு முடிவில் வட்டி மட்டுமே அசலைப் போல் ஐந்து மடங்கைத் தாண்டும். அவன் வங்கி அறிக்கை கேட்பதில்லை. மைகார்டின் நகலும் ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் போதும் என்கிறான்.

அந்த அக்காவிடம் இருப்பது ஒரே கணக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. அட்டை கை மாறினால் மாவு விற்ற காசோடு கணவரின் சம்பளமும், வீட்டுச் செலவுக்கென அரசு போடும் உதவித்தொகையும் அவன் கைக்குப் போகும். தவணை பிசகினால் வாசல் கதவில் சிவப்புச் சாயம். கிள்ளானிலும் ஷா ஆலத்திலும் இதைப் பார்த்தவர்கள் குறைவில்லை. அவமானத்துக்கு அஞ்சிப் போலீஸ் புகார் செய்யாமல் வீடு மாறிய குடும்பங்களும் உண்டு.

கடன் கொடுப்போரிடம் கேட்பது சலுகை இல்லை. கியூஆர், இ-வாலட் பதிவுகள், நகராண்மைக் கழக உரிமம், மொத்த வியாபாரியின் பில் ஆகியவற்றையும் வருமானச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். பேரிடர் காலச் சிறுகடனுக்கு நடப்புக் கணக்கை நிபந்தனையாக வைக்காதீர்கள். கடன் ஒப்புதலோடு கணக்கைத் திறந்து கொடுங்கள்.

தொழில் செய்யும் அக்கா, அண்ணன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். சொந்தப் பெயரில் தொழில் பதிய எஸ்எஸ்எம் கட்டணம் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வேறு பெயர் வைத்தால் 60. நடப்புக் கணக்குக்கு வசதி இல்லையென்றால், வியாபாரப் பணத்துக்கென்று தனியாக இன்னொரு சேமிப்புக் கணக்காவது வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு இறுதி மழைக்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். எந்த நெருக்கடியிலும், யார் கேட்டாலும், ஏடிஎம் அட்டையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.