மூன்று நாள் கரை, ஒரு நாள் மலை

2021 அக்டோபர் 1. சிசிலித் தீவின் கிழக்குக் கரையை ஒட்டிய மஸ்காலி என்ற சிறிய ஊர். 180 கிலோமீட்டர் மிதித்து, எட்னா எரிமலையின் சரிவில் ஏறி இறங்கி, ஒருவர் மட்டும் தனியாக வந்து முடிவுக் கோட்டைத் தாண்டுகிறார். பெயர் வின்சென்ஸோ நிபாலி, வயது 36. அதற்கு முன் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பந்தயத்தையும் வெல்லாதவர். அன்றைக்கு அந்த நாளை மட்டும் அவர் வெல்லவில்லை. ஜீரோ டி சிசிலியா என்ற நான்கு நாள் சைக்கிள் பந்தயத்தையே வென்றார்.

புதிதாகப் பார்க்கிறவருக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். முதல் இரண்டு நாளும் முதலில் வந்தவர் கொலம்பியாவின் ஹுவான் செபாஸ்தியான் மொலானோ. மூன்றாம் நாள் வென்றவர் ஸ்பெயினின் அலெஹாந்த்ரோ வால்வெர்தே. நிபாலி முதலில் வந்தது ஒரே ஒரு நாள். இரண்டு நாள் வென்றவரை விட்டுவிட்டு ஒரு நாள் வென்றவருக்கு ஏன் பட்டம்?

விடை தெரிந்துவிட்டால் பல நாள் சைக்கிள் பந்தயம் முழுவதும் புரிந்துவிடும். அதைப் புரிந்துகொள்ள ஒரு தீவைவிட நல்ல இடம் இல்லை.

கணக்கில் இருப்பது நேரம் மட்டுமே

இப்படிப்பட்ட பந்தயத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். ஓர் ஊரில் தொடங்கி இன்னோர் ஊரில் முடியும். ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்ட நேரத்தை நாள்தோறும் கூட்டிக்கொண்டே வருவார்கள். கடைசியில் யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவருக்கே பட்டம். எத்தனை நாள் முதலில் வந்தார் என்பதை யாரும் கேட்பதில்லை.

இதோடு ஒரு விதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இடையில் வெளி விழாமல் ஒரே கூட்டமாக வந்து சேர்கிறவர்கள் அனைவருக்கும் ஒரே நேரம்தான் எழுதப்படும். நூறு பேர் ஒன்றாக வந்தால், முதலில் கோட்டைத் தொட்டவருக்கும் நூறாவது ஆளுக்கும் ஒரே நேரம். முதல் மூன்று பேருக்கு மட்டும் பல பந்தயங்களில் 10, 6, 4 வினாடி என்று சலுகை உண்டு. அவர்கள் நேரத்திலிருந்து அதைக் கழித்துக்கொள்வார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஒருவர் மூன்று நாள் சமதளத்தில் கூட்டத்தோடு பாய்ந்து முதலில் வருகிறார். கையில் 30 வினாடி. இன்னொருவர் அந்த மூன்று நாளும் கூட்டத்தின் நடுவிலேயே வந்து சேர்கிறார், அவருக்குச் சலுகை எதுவும் இல்லை. நான்காம் நாள் மலையில் அவர் முதலாமவரைவிட ஒரு நிமிடம் முன்னால் வந்து ஜெயிக்கிறார். அந்த 60 வினாடியோடு 10 வினாடி சலுகையும் சேர, 70. முப்பதைக் கழித்தால் 40 வினாடி வித்தியாசத்தில் பட்டம் இரண்டாமவருக்கு. மூன்று வெற்றியை ஒரு வெற்றி விழுங்கிவிடுகிறது.

காற்றுக்கு ஒளிகிறவர்கள்

சமதளத்தில் ஏன் எல்லோரும் ஒன்றாகவே வந்து சேர்கிறார்கள்? காற்றுதான் காரணம்.

எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது தெரியும். முன்னால் ஒரு வண்டி போனால் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு போவது எத்தனை சுகம்! மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால், மிதிக்கும் வலுவில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. இன்னொருவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டுகிறவருக்கு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பெலோட்டான் என்று சொல்லப்படும் பெருங்கூட்டத்தின் நடுவில் இருந்தால் இன்னும் அதிகம். தனியாக ஓடிப் போகிறவர் முழுக் காற்றையும் தன் நெஞ்சில் வாங்குகிறார். துரத்துகிற கூட்டமோ ஆள் மாற்றி ஆள் முன்னால் வந்து பாரத்தைப் பகிர்ந்துகொள்கிறது. அதனால்தான் காலையில் ஓடிப் போன நாலைந்து பேரை, பெரும்பாலும் கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் கூட்டம் பிடித்துவிடுகிறது.

இது தனி ஆள் விளையாட்டு போலத் தெரிந்தாலும் அணி விளையாட்டாக இருப்பதற்கும் இதுவே காரணம். இந்த அளவுப் பந்தயத்தில் ஓர் அணிக்கு ஏழு பேர் வரை. ஒருவர் தலைவர், மற்றவர்களில் பெரும்பாலோர் அவருக்காக உழைக்கிறவர்கள். இத்தாலியில் அவர்களை கிரெகாரியோ என்பார்கள். சாதாரணப் படைவீரன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

ஒரு கிரெகாரியோவின் வேலையை அருகில் நின்று பாருங்கள். கூட்டத்திலிருந்து பின்தங்கி, பின்னால் வரும் தன் அணியின் காரை அடைகிறார். ஜன்னல் வழியே நீளும் தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாக வாங்கி, சட்டையின் முதுகுப் பைகளில் திணிக்கிறார். இடம் போதாமல் கழுத்துக்குப் பின்னாலும் இரண்டு. முதுகு கூனல் போலப் புடைக்க, மறுபடி எட்டி மிதித்துக் கூட்டத்தைப் பிடித்து, தன் ஆட்களைத் தேடித்தேடி ஆளுக்கொன்று கொடுக்கிறார். தலைவரின் டயர் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்கவும் தயாராக இருப்பார். அவர் பெயர் மறுநாள் செய்தித்தாளில் வராது. ஆனால் தலைவர் கடைசி மலையடிவாரத்துக்குக் களைக்காமல் வந்து சேர்ந்தால், அது இவர் கைங்கரியம்.

தீவு என்றால் என்ன வித்தியாசம்?

2021 பந்தயத்தின் பாதையை வரைபடத்தில் விரலால் தொட்டுப் போனால் புரியும். முதல் நாள் தென்கிழக்கில் அவோலாவிலிருந்து தெற்குக் கரையின் லிகாத்தா வரை. இரண்டாம் நாள் கிரேக்கக் கோயில் இடிபாடுகள் நிற்கும் செலினுன்தேயிலிருந்து, பலெர்மோ நகரத்தார் கடலாடப் போகும் மொந்தெல்லோ வரை. மூன்றாம் நாள் வடக்குக் கரையில் தெர்மினி இமெரேஸேயிலிருந்து கரோனியா. நான்காம் நாள் வடகரையின் சந்தாகத்தா தி மிலித்தெல்லோவில் தொடங்கி எட்னாவைத் தொட்டு மஸ்காலி. பிரதட்சிணம் வருவதுபோல வலமாக ஒரு சுற்று.

சிசிலி மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய தீவு. பரப்பு 25,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். மூன்று முனை கொண்ட முக்கோணம். அதன் கொடியிலும் மூன்று கால்கள் மடங்கி ஓடுகின்றன. கொடியின் சிவப்பும் மஞ்சளும்தான் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவரின் சட்டைக்கும் நிறம்.

தீவில் கரையோரச் சாலைகள் நீளம். கரை என்றால் கடற்காற்று. காற்று நேர் எதிரே வந்தால் தொல்லையில்லை, எல்லோருக்கும் ஒரே கஷ்டம். பக்கவாட்டில் அடித்தால்தான் ஆபத்து. அப்போது முன்னால் இருப்பவரின் நேர் பின்னால் நின்றால் காற்றிலிருந்து நிழல் கிடைக்காது. அவருக்குப் பின்னால் சற்றே ஓரமாக நிற்க வேண்டும். அவருக்கு அடுத்தவர் இன்னும் ஓரமாக. இப்படிச் சாலைக்குக் குறுக்கே ஒரு சாய்ந்த வரிசை உருவாகிறது. சாலையின் அகலம் எத்தனை பேருக்கு இடம் தருமோ, அத்தனை பேருக்குத்தான் நிழல். அடுத்தவர் சாலையின் விளிம்பில், மண்ணுக்கும் தாருக்கும் நடுவே, முழுக் காற்றையும் வாங்கித் திணறுவார். அவர் ஒரு சக்கர நீளம் பின்தங்கினால் அங்கேயே வரிசை அறும். அந்த வெளியை அடைப்பதற்குள் நிமிடங்கள் போய்விடும். ஏறக்கூடிய மலை ஒன்றுகூட இல்லாத நாளில் பட்டம் கைநழுவுவது இப்படித்தான். காற்று வீசும் நாளில் தலைவர்கள் கூட்டத்தின் முன்வரிசைக்கு முண்டியடிப்பது இதற்காகவே.

காற்று உதவாவிட்டால்? மலைதான்.

கணக்குத் தீர்க்கும் எட்னா

மலையில் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்குக் கீழே இறங்குகிறது. வேகம் குறைந்தால் காற்றின் தடையும் குறையும். ஆகவே ஒளிந்துகொள்வதால் லாபமும் குறையும். இனி எதிரி புவியீர்ப்பு. உடல் எடைக்கு எவ்வளவு வலு என்ற ஒரே கேள்வி. சமதளத்தில் பாய்ந்து ஜெயித்த தடித்த தொடைக்காரர்கள் இங்கே நிமிடக்கணக்கில் பின்தங்குவார்கள். மொலானோ பட்டத்துக்குப் போட்டியிலேயே இல்லாததற்கு இதுதான் காரணம். அவர் வந்த வேலை சமதள வெற்றிகள், அதை முடித்துக் கொடுத்தார்.

எட்னா 3,300 மீட்டருக்கு மேல் உயரமுள்ள, இன்னும் புகைந்துகொண்டிருக்கும் எரிமலை. 1928-இல் அது கக்கிய குழம்பில் மஸ்காலி ஏறக்குறைய முழுவதும் புதைந்து, பிறகு புதிதாகக் கட்டப்பட்டது. கருங்குழம்பு உறைந்த பாறைகளுக்கு நடுவே அதன் மேல் சாலைகள் ஏறுகின்றன.

மூன்றாம் நாள் முடிவில் முன்னணியில் இருந்தவர் வால்வெர்தே. வயது 41. ஆகஸ்டில் ஸ்பெயின் பந்தயத்தில் விழுந்து காறையெலும்பு முறிந்து, தேறித் திரும்பியிருந்தார். நான்காம் நாள் எட்னாவின் சரிவில் நிபாலி எழுந்து ஓடினார். இறக்கத்தில் வளைவுகளைச் சீவிக்கொண்டு இறங்குவதில் அவர் பெயர் பெற்றவர். பின்னால் வந்தவர்களால் பிடிக்க முடியவில்லை. மூன்று நாள் வினாடிகளாகச் சேர்ந்த வித்தியாசம், ஒரு மலையில் அழிந்தது.

எட்னாவில் முதலில் வந்தால்தான் பட்டம் என்றும் இல்லை. 2019-இல் பந்தயம் அந்த மலையிலேயே, சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் முடிந்தது. அன்று வென்றவர் பிரான்சின் கியோம் மார்த்தன். பட்டமோ அமெரிக்காவின் பிராண்டன் மெக்நல்ட்டிக்கு. 21 வயது இளைஞர்; முந்தின நாள் ரகூசா நகரில் முடிந்த கட்டத்தை வென்று நேரத்தைச் சேர்த்து வைத்திருந்தார். எட்னாவில் அவர் ஜெயிக்கத் தேவையில்லை. சேர்த்ததை அதிகம் சிந்தாமல் மேலே போய்ச் சேர்ந்தால் போதும். சேர்ந்தார்.

ஊர்ப் பிள்ளைகள்

இந்தப் பந்தயம் முதலில் நடந்தது 1907-இல். புகழ்பெற்ற ஜீரோ டி இத்தாலியா 1909-இல்தான் பிறந்தது. ஆக, தீவின் பந்தயம் இரண்டு வயது மூத்தது. முதல் பட்டம் கார்லோ கலெட்டிக்கு. பிறகு விட்டுவிட்டு நடந்து 1977-இல் நின்றது. 42 ஆண்டு கழித்து, 2019-இல், ஜீரோ டி இத்தாலியாவை நடத்தும் நிறுவனமே இதற்கு மறுபடி உயிர் கொடுத்தது.

அதன்பின் தீவுக்காரர்களின் முறை வந்தது. நிபாலி மெசீனாவில் பிறந்தவர். இத்தாலியப் பெருநிலத்தையும் தீவையும் பிரிக்கும் அந்த நீரிணையை வைத்து ‘நீரிணையின் சுறா’ என்பது பட்டப்பெயர். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற மிகச் சிலரில் ஒருவர். 2022-இல் வென்றவர் ரகூசாவின் தமியானோ கருசோ. அவருடைய சொந்த அணி அங்கே வராததால், இத்தாலியத் தேசிய அணியின் நீலச் சட்டையில் ஓட்டி ஜெயித்தார். அதே ஆண்டு மே மாதம், ஜீரோ டி இத்தாலியாவின் ஒரு கட்டம் மெசீனாவில் முடிந்த நாளில், அந்த ஆண்டோடு ஓய்வு பெறுவதாக நிபாலி சொந்த ஊரில் நின்று அறிவித்தார்.

2023-இல் கஜகஸ்தானின் அலெக்ஸி லுட்சென்கோ வென்றார். 2024-இல் பந்தயம் நடக்கவில்லை. இதன் வரலாறே இப்படித்தான், நடக்கும், நிற்கும்.

வேறு ஏதாவது தீவில் இப்படி ஒரு பந்தயம் உங்கள் கண்ணில் படலாம். கரையோரத்தில் நூறு பேர் கூட்டமாக உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்து, ஒன்றுமே நடக்கவில்லையே என்று நினைக்கத் தோன்றும். அப்போது முதலில் போகிறவரை விட்டுவிட்டு, கூட்டத்தின் நடுவில், அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் குனிந்து, தண்ணீருக்குக்கூடத் தானாக நகராமல் வருகிறவரைத் தேடுங்கள். நாளைக்கு மலை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.