காலை ஜெபமும் எண்பதாயிரம் கலம் நெல்லும்

தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது திருவாரூர் மாவட்டத்தில் யாருக்கும் உட்கார நேரமிருக்காது. அறுவடை மிஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை ஏறும். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் மூட்டை நகராது. களத்தில் கொட்டிக் கிளறிக் காயவைக்க வேண்டும். விவசாயி, லாரிக்காரர், சுமை தூக்குபவர், பட்டியல் எழுத்தர் என்று எல்லோருக்கும் விடியும் முன்பே பொழுது தொடங்கிவிடும். இங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்களில் அந்த நாட்களில் முதலில் அடிபடுவது காலை ஜெபம்தான். "வேலை முடியட்டும், ராத்திரி பண்ணிக்கலாம்" என்பார்கள். ராத்திரி பாயில் சாய்ந்ததும் தூக்கம் வந்துவிடும்.

ஓய்வான நாளில் ஜெபம் தவறினால்கூட மனசு தாங்கும். வேலை நெருக்கும் நாளில் தவறவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இதற்குச் சாட்சி தேடி எங்கேயும் போக வேண்டியதில்லை. திருவாரூரும் அடங்கியிருந்த பழைய தஞ்சை ராஜ்யத்திலேயே ஒருவர் அப்படி வாழ்ந்து காட்டியிருக்கிறார்.

சுவார்ட்ஸ் ஐயர் 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய லுத்தரன் மிஷனரி. 1778 முதல் தஞ்சாவூரே அவருக்கு ஊர். 1798 பிப்ரவரி 13 அன்று அங்கேயே இறந்தார். அவர் வீட்டில் தினமும் காலையில் உபதேசியார்கள் கூடுவார்கள். வேதத்தில் ஒரு பகுதியை வாசித்து விளக்குவார், ஜெபிப்பார்கள். அடுத்து, இன்று யார் எந்தப் பக்கம் போவது என்று பிரித்துக் கொடுப்பார். சாயங்காலம் திரும்பி வந்ததும் எங்கே போனோம், யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். திரும்பவும் ஜெபம். காலையில் வேலையைக் கடவுளிடமிருந்து வாங்கிக்கொண்டு புறப்படுவது, மாலையில் அதே இடத்தில் கணக்கு ஒப்படைப்பது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர்களுடைய முழு நாளும் நின்றது.

இந்தப் பழக்கம் எதற்கு உதவியது என்பது 1780களின் தொடக்கத்தில், ஹைதர் அலியின் படையெடுப்பின்போது தெரிந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். காலையில் தெருவில் பிணங்கள் கிடந்தன. சிப்பாய்கள் பசியால் சுருண்டு விழுந்தார்கள். கோட்டைக்கு வெளியே கிராமங்களில் நெல் இருந்தது, ஆனால் சுமந்து வர மாடு இல்லை. முன்பு நெல் கொண்டுவந்த குடியானவர்களுக்குச் சேர வேண்டிய கூலியை இடைத்தரகர்கள் விழுங்கியிருந்ததால், அவர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். தஞ்சை மன்னர் துளஜா ஆணையிட்டும் கெஞ்சியும் ஒருவரும் வரவில்லை. கடைசியில் மன்னர் வெற்றுத் தாள் ஒன்றைச் சுவார்ட்ஸிடம் அனுப்பி, மக்களிடம் எந்த ஒப்பந்தமும் செய்துகொள்ள அதிகாரம் கொடுத்தார். கூலியை என் கையால் தருவேன், எதிரி பிடித்துக்கொண்டு போகும் மாட்டுக்கும் விலை தருவேன் என்று சுவார்ட்ஸ் சுற்றுவட்டாரமெங்கும் கடிதம் எழுதினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. ஓர் உபதேசியாரும் வேறு சில கிறிஸ்தவர்களும் உயிரைப் பணயம் வைத்து வெளியே போனார்கள். 80,000 கலம் நெல் கோட்டைக்கு வந்தது. சொன்னபடியே கூலியும் கொடுத்து முடித்தார்.

பின்னொரு சமயம் கொடுமை தாங்காமல் ஊரைவிட்டுப் போன குடியானவர்கள், மன்னர் சார்பில் சுவார்ட்ஸ் கொடுத்த வாக்கை நம்பி ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள். பருவம் ஏறக்குறையக் கடந்திருந்தது. இரவு பகலாக உழைத்தார்கள். முந்தைய ஆண்டைவிட நல்ல விளைச்சல் கண்டது. இவற்றை அவரே 1794இல் எழுதிய கடிதத்தில் சொல்கிறார். ஊரே நம்பும் சொல் ஒருவருக்கு ஒரே நாளில் அமைந்துவிடாது. தினமும் சாயங்காலம் கடவுள் முன் கணக்குச் சொல்லிப் பழகிய வாய்க்குத்தான் அது அமையும் என்று நான் நம்புகிறேன்.

சுவார்ட்ஸுக்கு இந்தப் பழக்கம் அவருடைய சபை மரபிலிருந்தே வந்தது. மார்ட்டின் லூத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் வீட்டுத் தலைவர்களுக்காக எழுதப்பட்டது. காலையில் எழுந்ததும் சுருக்கமாக ஜெபித்து, ஒரு பாட்டுப் பாடி, சந்தோஷமாக வேலைக்குப் போகச் சொல்கிறது அது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார். 1535இல் லூத்தர், தனக்கு முடி திருத்தும் பேதுரு கேட்டதற்காக, ஜெபிக்கும் விதம் பற்றித் தனியாக ஒரு சிறு நூலே எழுதிக் கொடுத்தார். இந்த வேலையை முதலில் முடித்துவிட்டு அப்புறம் ஜெபிக்கலாம் என்ற நினைப்பை நம்பாதே என்று அதில் எச்சரிக்கிறார். கத்தியின் மேல் கண் வைத்திருக்கும் நாவிதரின் கவனம் ஜெபத்திலும் வேண்டும் என்கிறார். கைத்தொழில் செய்கிறவருக்கு அவர் தொழிலை வைத்தே பாடம் சொன்ன இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கப்பர்நகூமில் முந்தின சாயங்காலம் ஊரே வாசலில் திரண்டிருந்தது. இயேசு மறுநாள் இருட்டோடு எழுந்து தனியிடம் போய் ஜெபிக்கிறார். சீமோன் தேடி வந்து, எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார். இயேசு அந்தக் கூட்டத்திடம் திரும்பவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். எதைச் செய்வது, எதை விடுவது என்ற தெளிவு அந்த ஜெபத்துக்குப் பிறகே வருகிறது. பத்து வேலைகளுக்கு நடுவில் திணறும் நமக்கு வேண்டியதும் அந்தத் தெளிவுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு செவிலியர், திருவாரூரில் காலை ஷிப்டு பார்க்கிறவர். குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு ஒரு சங்கீதம் வாசிப்பார். பிறகு வார்டில் முந்தின நாள் விட்டுவந்த நோயாளிகளை ஒவ்வொருவராகச் சொல்லி ஜெபிப்பார். பெயர் நினைவுக்கு வராவிட்டால் பெட் நம்பரைச் சொல்வார். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் முடிந்துவிடும். மணிக்கணக்கில் நீளும் சில குடும்ப ஜெபங்களைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வீட்டுக்காரர் கண்மூடி உரத்த குரலில் நாடு நகரமெல்லாம் சுற்றி ஜெபிக்க, மனைவி அடுப்புக்கும் டிபன் டப்பாவுக்கும் நடுவில் தவித்து நிற்பது பக்தியாகாது. அவளுடைய சுமையில் பாதியை வாங்கிக்கொண்டு ஜெபத்தைப் பாதியாகக் குறைப்பதே நியாயம்.

டெல்டாவின் சபை மூப்பர்களுக்கும் போதகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அறுவடைக் காலத்திலாவது விடியற்கால ஜெபத்தை ஐந்து மணிக்குத் தொடங்கி இருபது நிமிடத்தில் முடியுங்கள். வந்திருப்பவர்கள் அன்றைக்கு எந்த வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டு, அந்த வேலையின் பெயரைச் சொல்லியே ஜெபித்து அனுப்புங்கள். சாயங்காலம் எதிரில் பார்த்தால், எப்படிப் போயிற்று என்று மறக்காமல் கேளுங்கள்.