விண்மீன் ஒளியில் கடந்த காலம்

பாரசீகத்தின் ரைய் நகரில் கி.பி. 903இல் பிறந்தவர் வானியல் அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. புவைஹி ஆட்சியாளர் அளுதுத் தவ்லாவின் ஆதரவில் கி.பி. 964 அளவில் அவர் இயற்றிய நிலை விண்மீன்கள் பற்றிய நூலில், ஆந்த்ரோமெடா விண்மீன் கூட்டத்தில் மேகம் போன்றதொரு மங்கலான திட்டு இருப்பதைக் குறித்து வைத்தார். தொலைநோக்கி தோன்றுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே வெறும் கண்ணால் கண்டெழுதப்பட்ட குறிப்பு அது. அத்திட்டு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை.

ஒளி கண நேரத்தில் பாய்ந்துவிடுவதன்று. அதன் பயணத்திற்கும் காலம் தேவை என அடுத்த தலைமுறையில் இப்னுல் ஹைஸம் வாதிட்டார். 1676இல் டென்மார்க்கைச் சேர்ந்த ரோமர், வியாழனின் துணைக்கோளான அயோவின் மறைவுகள், புவி வியாழனை விட்டு விலகியிருக்கும்போது தாமதமாகத் தெரிவதைக் கொண்டு அதனை உறுதிப்படுத்தினார். ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். ஓராண்டில் அது கடக்கும் தொலைவாகிய ஒளியாண்டு, சுமார் 9½ லட்சம் கோடி கிலோமீட்டர்.

ஆகவே, தொலைவில் உள்ளதைக் காண்பது கடந்ததைக் காண்பதே. நாம் காணும் சூரியன் 8 நிமிடங்களுக்கு முந்தையது. அரபியர் அஷ்ஷிஃரா என்றழைத்த சிரியஸ் ஏறத்தாழ 8½ ஆண்டுகளுக்கு முந்தையது.

அஸ்ஸூஃபி கண்ட திட்டின் தொலைவு எப்படித் தெரிந்தது? சில விண்மீன்கள் சீராகப் பிரகாசித்து மங்குகின்றன. அவ்வாறு மாறும் கால அளவு நீள நீள, அவற்றின் உண்மையான ஒளியும் மிகும் என்பதை ஹென்ரியேட்டா லீவிட் 1912இல் நிறுவினார். உண்மை ஒளியையும் நமக்குத் தெரியும் ஒளியையும் ஒப்பிட்டால் தொலைவு கிடைக்கும். இரு மடங்கு தள்ளிவைத்த விளக்கு நான்கில் ஒரு பங்கே ஒளிரும். 1923இல் எட்வின் ஹபிள் அத்திட்டினுள் இத்தகைய விண்மீன் ஒன்றைக் கண்டார். அவர் கணித்த தொலைவு சுமார் 9 லட்சம் ஒளியாண்டுகள். பிற்காலத்தில் அது திருத்தப்பட்டது. இன்றைய கணிப்பு ஏறத்தாழ 25 லட்சம். அது மேகமன்று, நமது பால்வீதியைப் போன்ற தனியொரு விண்மீன் மண்டலம்.

இன்றிரவு அங்கிருந்து நம் கண்ணை எட்டும் ஒளி, அஸ்ஸூஃபி வானை நோக்கிய இரவிலேயே தன் பயணத்தின் பெரும்பகுதியை முடித்து, ஆயிரத்துச் சொச்சம் ஒளியாண்டுத் தொலைவில் வந்துகொண்டிருந்தது!

திருக்குர்ஆனின் அல்வாகிஆ அத்தியாயம் விண்மீன்களின் இருப்பிடங்கள் மீது சத்தியம் செய்கிறது. அதனை ஒளியாண்டுக் கணக்கின் முன்னறிவிப்பாக நிறுவ முனைவோர் நம்மிடையே உண்டு. ஆனால் மனிதக் கணக்கு ஒரு நூற்றாண்டுக்குள் 9 லட்சத்திலிருந்து 25 லட்சமாக மாறியது. மாறும் கணக்கோடு மாறாத வேதத்தைப் பிணைப்பது வேதத்திற்குச் சிறப்பாகாது. சிந்திக்கப் பணிக்கும் வேதத்திற்கு நாம் செய்யத்தக்கது, கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்து, அறியாததை அடுத்தவர் அறிய விட்டுச்சென்ற அஸ்ஸூஃபியின் நேர்மையைப் பின்பற்றுவதேயாகும்.