பின்ஸ்ட்ரைப்: பதம் தெரிந்தால் கோடு நேராகும்

காரின் முன்விளக்கில் தொடங்கிப் பின்விளக்கு வரை ஓடும் மெல்லிய கோட்டைப் பார்த்தால் ஸ்டிக்கர் என்றுதான் நினைப்போம். பல கார்களில் அது ஸ்டிக்கரேதான். ஆனால் இங்கிலாந்தின் குட்வுட்டில் உள்ள ரோல்ஸ்ராய்ஸ் தொழிற்சாலையில், சுமார் 3 மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தக் கோட்டைப் பிரஷ் பிடித்துக் கையால்தான் இழுக்கிறார்கள். சென்னை திருவொற்றியூரில் புல்லட்டின் பெட்ரோல் டேங்கில் தங்க நிறக் கோடு போட்ட கலைஞர்களுக்கு உலகெங்கும் ரசிகர்கள் உண்டு. இந்தக் கைவேலைக்குப் பின்ஸ்ட்ரைப்பிங் என்று பெயர்.

இது குதிரை வண்டிக் காலத்துக் கலை. வண்டியின் ஆரக்கால்களிலும் விளிம்புகளிலும் போட்டுவந்த கோடுகள், மோட்டார் கார் வந்தபோது அதற்கும் இடம் மாறின. 1950-களில் கலிஃபோர்னியாவில் இந்தக் கலை புதுப் பாதையில் திரும்பியது. வான் டச் என்ற பெயரில் புகழ்பெற்ற கென்னத் ஹோவர்ட் (1929–1992), சைன்போர்டு பெயிண்டர் ஒருவரின் மகன். பானெட்டிலும் டிக்கியிலும் இடமும் வலமும் ஒத்து வளையும் வடிவங்களை இவர் வரைந்தார். எட் ராத், டீன் ஜெஃப்ரிஸ் போன்றவர்களும் அதே காலத்தில் இந்தப் பாணியில் பெயர் எடுத்தார்கள்.

கற்றுக்கொள்ள நினைப்பவரின் முதல் பயம், “கை நடுங்குமே” என்பதுதான். அந்த நடுக்கத்தில் பெரும்பகுதியைப் பிரஷ்ஷே வாங்கிக்கொள்கிறது. இதற்கான பிரஷ்ஷில் கைப்பிடி குட்டையாகவும் முடி நீளமாகவும் இருக்கும். முடியின் நீளம் ஏறக்குறைய 2 அங்குலம். வாள்போல் சரிந்து கூர்மையாக முடியும். பெரும்பாலும் அணில் முடியில் செய்கிறார்கள். கோடு இழுக்கும்போது அந்த முடி காரின் மேல் படிந்தபடி பின்னால் இழுபட்டு வருகிறது. விரலின் சிறு அசைவுகள் அந்த நீளத்தைக் கடப்பதற்குள் அடங்கிவிடுகின்றன. இங்க் பேனாவுக்குள் மை இருப்பதுபோல முடியின் அடிப்பாகத்தில் பெயிண்ட் தேங்கி நிற்பதால், பிரஷ்ஷை எடுக்காமலே நீளமாகக் கோடு போகும்.

உண்மையான சூட்சுமம் பெயிண்ட் ஏற்றுவதில் இருக்கிறது. எண்ணெய் கலந்த எனாமலில் பிரஷ்ஷைத் தோய்த்து, வழவழப்பான பழைய பத்திரிகைத் தாளில் முன்னும் பின்னுமாகப் பலமுறை இழுக்க வேண்டும். பெயிண்ட் முடிக்குள் இறங்கி, பிரஷ் கத்தி அலகுபோல் தட்டையாகும். கெட்டியாக இருந்தால் பிரஷ் திக்கும், கோடு அறுபடும். தளர்ந்துவிட்டால் விளிம்பு பரவும். தாளில் இழுக்கும்போதே பதம் விரலுக்குத் தெரியும். வேண்டுமானால் ஒரு சொட்டு டர்பன்டைன் சேர்க்கலாம்.

காரில் மெழுகோ எண்ணெய்ப் பசையோ ஒரு துளி இருந்தாலும் பெயிண்ட் விலகிக் குழி விழும். அதனால் முதலில் நன்றாகத் துடைக்க வேண்டும். பிரஷ்ஷைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, சுண்டுவிரலைக் காரின் மேல் ஊன்றிக்கொள்ள வேண்டும். அழுத்தம் கூடினால் கோடு தடிக்கும், குறைந்தால் மெலியும். வளைவு வரும்போது பிரஷ்ஷை விரல்களுக்குள் உருட்ட வேண்டும். பார்வை பிரஷ்ஷின் மேல் இருக்கக் கூடாது. கோடு போகப்போகிற இடத்தில் இருக்க வேண்டும். நீளக் கோட்டுக்குக் கையை மட்டும் நீட்டினால் போதாது, காலும் உடம்பும் சேர்ந்து நகர வேண்டும்.

பழகுவதற்குக் கண்ணாடித் துண்டு போதும். நேர்கோடு, இணைகோடு, வளைகோடு என்ற வரிசையில் பழகலாம். ஈரம் காயும் முன் துடைத்தால் பெயிண்ட் போய்விடும் என்பதால் பிழைக்குப் பயப்பட வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் பிரஷ்ஷைக் கழுவி, எண்ணெய் தடவி, முடி வளையாமல் படுக்கை வாக்கில் வைக்க வேண்டும். முடி வளைந்துவிட்டால் அந்தப் பிரஷ் நேர்கோடு போடாது.

எனாமலின் பதம் அறிந்த விரல்கள் நம் ஊரில் ஏராளம். ஃப்ளெக்ஸ் பேனர் வந்தபின் வேலை குறைந்துபோன போர்டு ஓவியர்களுக்கு இந்தக் கலை எளிதில் வசப்படும். உங்கள் வண்டிக்குக் கோடு போட நினைத்தால், ஸ்டிக்கர் கடைக்குப் போவதற்கு முன் அப்படி ஓர் ஓவியரைத் தேடிப் பாருங்கள்.